பந்தயத்திற்கென மாற்றிய மோட்டார் வண்டி

1960-களில் அமெரிக்காவில் பெரிய எஞ்சின் பொருத்திய மஸ்டாங், கமரோ போன்ற கார்கள் பல, கால் மைல் (402 மீட்டர்) நேர்ப்பாதைப் பந்தயத்திற்கென மாற்றியமைக்கப்பட்டன. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும் முன்னர் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்ததுண்டு.

பஸ் புறப்படுகையில் நிற்போர் பின்னே சாய்வதை யாவரும் அறிவர். அங்ஙனமே, வண்டி விரையுங்கால் அதன் பாரத்தில் ஒரு பகுதி பின்சக்கரங்களின்மீது சாய்கிறது. எடை 1,600 கிலோகிராம், ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், அச்சுகளின் இடைவெளி 2.7 மீட்டர் எனக் கொள்வோம். முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியாயின், ஏறத்தாழ 150 கிலோகிராம் பாரம் பின்னே செல்லும். ஆகவேதான் பின்புறம் அகன்ற டயர்களும் முன்புறம் ஒடுங்கிய டயர்களும் பொருத்துகின்றனர்.

பிரேக் பிடிக்கையிலோ பாரம் முன்னே வருகிறது. அங்கிருப்பவை ஒடுங்கிய டயர்கள். பந்தயத் தளத்தில் வண்டி ஓடி நிற்க நீண்ட வெளி உண்டு. மிகு விரைவு வண்டிகளுக்குப் பாராசூட்டும் உண்டு. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம்–கோவளம் புறவழிச்சாலையில் இவை ஏது? நல்ல டயர்களுடன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, பிரேக் பிடித்தபின் 35 மீட்டரில் நிற்கும் வண்டி, 160 கிலோமீட்டர் வேகத்தில் 140 மீட்டர் ஓடியே நிற்கும். இக்கணக்கைக் கரும்பலகையில் காட்ட ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும்.

கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது.