கம்பியைக் காட்டும் சூடு

பால்கனியின் அடியில், கம்பி போகும் வழியே நூலிழை போல ஒரு விரிசல். உள்ளே துரு ஏறிவிட்டது. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளக்கிறது. விரிசல் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். உடைக்காமல் முன்கூட்டியே உள்ளே பார்க்க முடியுமா?

முடியும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைச் சுவரில் பாய்ச்சுகிறார்கள். கான்கிரீட்டில் தங்கிய ஈரம் அலையை விழுங்கிச் சூடாகும். நீர் கசியும் இடம் கூடுதலாகவே சூடேறும். இரும்போ அலையைத் திருப்பியடிக்கும். அதனால் கம்பிக்கு முன்னுள்ள கான்கிரீட் இருமுறை அலை வாங்குகிறது. அந்தச் சூடு மெல்ல மேலே வர, அகச்சிவப்பு கேமராவில் கம்பி இருக்கும் இடம் பிரிந்து தெரியும். சிறு வித்தியாசம்தான், அதுவே போதும்!

அலையின் மின்புலம் கம்பிக்கு இணையாக இருக்க வேண்டும்; குறுக்கே திருப்பினால் தடம் மங்கிவிடும். ஆழத்தில் புதைந்த கம்பியின் சூடு மேலே வருவதற்குள் பரவிக் கலங்கிவிடும்.