டீசல் லொறியின் ஓசையும் நோயும்

நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்பதற்கு 1816ஆம் ஆண்டிற் பாரிஸ் நகர மருத்துவராகிய லெனக் ஒரு குழாயைத் துணைக்கொண்டார். இன்றைய ஸ்டெதஸ்கோப்பின் முன்னோடி அதுவே. டீசல் லொறியின் எஞ்சினைச் சீர்செய்வோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். எனினும், ஓசையைக் கேட்டல் வேறு; ஆராய்தல் வேறு. "தட்டுகிறது" என்னும் ஒரு சொல்லை நம்பி எஞ்சினைப் பிரிப்பவர், "வலிக்கிறது" என்னும் ஒரு சொல்லை நம்பி வயிற்றைக் கீறும் வைத்தியரை ஒப்பர். அவ்வோசை எவ்வேளையில், எவ்வளவு விரைவில், எத்தகைய பாரத்தில், எவ்விடத்தில் எழுகின்றது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஆயுதத்தைக் கையில் எடுத்தல் வேண்டும்.

முதற்கண் இயல்பான ஓசை யாதென அறிதல் நன்று. றூடோல்வ் டீசல் என்பார் 1897இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில், பெற்றோல் எஞ்சினிற் போலத் தீப்பொறி தரும் பிளக் இல்லை. இக்காலத்து லொறி எஞ்சின்களிற் காற்றானது ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை சுருக்கப்பட்டு, 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகின்றது. அச்சூட்டில் தெளிக்கப்படும் எரிபொருள் உடனே பற்றுவதில்லை. செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்களவான தாமதம் உண்டு. அதற்குட் சேர்ந்த எரிபொருள் ஒருங்கே பற்றுவதனாலேயே டீசலுக்குரிய கடகடவென்னும் ஓசை பிறக்கின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைப்பொழுதில் இத்தாமதம் மிகுதலின் ஓசையும் மிகும். இதனை நோயென மயங்குதல் ஆகாது.

இனி, வேளையை நோக்குவோம். குளிர்ந்த எஞ்சினில் எழுந்து, சூடேறியதும் மறையும் தட்டொலி பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதுவதனால் ஆவது. சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளியை நிரப்புதலின் ஓசை அடங்குகின்றது. இதற்கு மாறாக, எஞ்சின் சூடேறியபின் வலுக்கும் ஆழ்ந்த தட்டொலி அஞ்சத்தக்கது. சூட்டில் ஒயில் நீர்த்துப்போகத் தேய்ந்த பெயரிங் அங்கே தன்னை வெளிப்படுத்துகின்றது.

இரண்டாவது, விரைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். கிராங்க் தண்டு செக்கனுக்கு 10 முறை சுழலும்; வால்வுகளை இயக்கும் தண்டோ அதன் பாதியாகிய 5 முறையே சுழலும். ஆதலின், மெல்லிய 'டிக் டிக்' ஒலி பாதி விரைவில் எழுந்தால் வால்வின் இடைவெளியைச் சோதித்தல் வேண்டும். கிராங்க் தண்டின் சுழற்சியோடு இணைந்து எழும் கனத்த ஒலி பெயரிங்கைக் குறிக்கும்.

மூன்றாவது, பாரம். ஏற்றத்தில் மாத்திரம் எழும் சீறலொலி எக்ஸோஸ்ட் இணைப்பின் கசிவாகலாம். அவ்விடத்திற் கரிபடிந்திருத்தல் அதற்குச் சான்று. கிளச்சை மிதித்தவுடன் ஓசை தோன்றினும் மறையினும், குற்றம் எஞ்சினில் அன்றிக் கிளச்சிலோ கியர்ப் பெட்டியிலோ இருத்தல் கூடும். இதனை அறியாது எஞ்சினைப் பிரிப்பது வீண்செலவு.

நான்காவது, இடம். ஒலி காற்றிற் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரும், உருக்கில் ஏறத்தாழ 5,000 மீற்றரும் செல்லும் என்பதைப் பௌதிக வகுப்பிற் கற்றோம். நீண்ட உருக்குக் கோலின் ஒரு முனையை எஞ்சினிலும், பிடியைக் காதோரத்திலும் வைத்துக் கேட்பின், எச்சிலிண்டரில் ஓசை மிகுகின்றது என்பது புலனாகும். சுழலும் விசிறியிடத்து எச்சரிக்கை வேண்டும். பழைய எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் எரிபொருட் குழாயின் இணைப்பை முறையே தளர்த்திப் பார்ப்பதும் வழக்கம். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டொலி முற்றாக நின்று, முன்பு கரும்புகையும் இருந்ததாயின், பழுது இன்ஜெக்டரில் என ஐயுறலாம். ஓசை நில்லாது, குறைந்து மாத்திரம் ஒலிப்பின் பெயரிங்கை ஐயுறுதல் தகும்.

ஆயின், 'கொமன் றெயில்' முறை அமைந்த புதிய எஞ்சின்களில் இச்சோதனையை ஒருபோதும் செய்தலாகாது. அவற்றின் குழாய்களில் எரிபொருள் காற்றழுத்தத்தைப்போல் 1,600 மடங்கும் அதற்கு மேலும் அழுத்தம் கொண்டிருக்கும். ஊசித்துளையளவு கசிவும் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே அறுவைச் சிகிச்சை வேண்டியதாகும். அவ்வகை எஞ்சின்களைக் கணினிக் கருவி கொண்டே சோதித்தல் முறை.

இவையெல்லாம் கராஜில் ஆற அமரச் செய்வன. பாரமேற்றிய லொறி இரவில் நெடுஞ்சாலையிற் செல்லும்போது ஆழ்ந்த தட்டொலி எழுமாயின் சாரதி செய்யத்தக்கது யாது? ஒயில் அழுத்தமானியை நோக்குக. அழுத்தம் வீழ்ந்திருப்பின் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுதலே அறிவுடைமை. பெயரிங்கின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானது. அதனுள் நிற்கும் ஒயிற் படலமே உலோகத்தை உலோகத்தினின்று பிரித்துக் காக்கின்றது. அது நீங்கினால் பெயரிங் உருகும். பிஸ்டனைத் தாங்கும் இணைகோல் முறிந்து எஞ்சினின் சுவரையே பிளக்கவும் கூடும். இறக்கத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடின் ஸ்டியரிங் கனத்துவிடும். காற்றுப் பிரேக்குக்குச் சேமிப்பிலுள்ள காற்றன்றிப் புதுக்காற்றுக் கிடையாது. "இன்னும் பத்துக் கிலோமீற்றர்தானே" என்னும் எண்ணத்தால், பெயரிங்கின் செலவோடு முடிவது எஞ்சினின் விலையாக, சிலவேளை உயிரின் விலையாகவே முடியும்.

கடன்பட்டு வாங்கிய லொறியே பல குடும்பங்களுக்கு ஆதாரமாயிருத்தலை நாம் அறிவோம். பொறிகளோடு பழகப்போகும் மாணவர், பிரிப்பதற்கு முன் கேட்கவும், கேட்டதை ஆராயவும் பழகுவாராக. நிறுத்தவேண்டிய வேளையில் நிறுத்தத் துணிதலும் அத்தொழிலறிவின் ஒரு பகுதியே.