வாயைக் கட்டுவது வேறு, வயிற்றைக் கட்டுவது வேறு

"நாங்கள்தான் தின்னவில்லை, பேரப்பிள்ளையாவது தின்னட்டுமே!"

பள்ளி விட்டு வந்த பிள்ளையின் கையில் இன்னொரு மிட்டாயைத் திணிக்கும் தாத்தா பாட்டிகள் இப்படிச் சொல்வதைப் பல தமிழ் வீடுகளில் கேட்கலாம். அதே பெரியவர்கள் சற்று நேரம் கழித்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பொறுமை இல்லை, கேட்டதும் கைக்கு வந்துவிட வேண்டும்" என்று குறைபட்டுக் கொள்வதும் உண்டு. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். தோட்டப்புறங்களில் 'ஜப்பான்காரன் காலம்' என்று இன்றும் சொல்லப்படும் அந்த மூன்றரை ஆண்டுகளும், அவற்றின் நிழலில் கழிந்த அடுத்த சில ஆண்டுகளும்தான் அந்த வேர். அக்காலத்தில் பிறந்தவர்களே இன்று 80 வயதைத் தாண்டிவிட்டார்கள்.

சிக்கனமாக வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை இரண்டும் ஒன்றல்ல. வாயைக் கட்டுவது ஆசையை அடக்குவது. வயிற்றைக் கட்டுவது பசியைப் பொறுப்பது. முன்னது பிள்ளையை வளர்க்கும். பின்னது பிள்ளையை வாட்டும். போர்க்காலப் பங்கீட்டில் இவற்றில் எது நடந்தது?

ஆற்றுக்கு அக்கரையில் அரிசி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடக்கே இருக்கிறது தாசேக் கெலுகோர். தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது மீன் குழம்புக்குப் புளிப்புச் சேர்க்கும் காயைத் தருகின்ற மரம். ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் மலாக்கோப், மேபீல்டு போன்ற ரப்பர்த் தோட்டங்கள். ஊரை ஊடறுத்து வடக்கே சயாமுக்குப் போகும் ரயில் பாதை. சில மைல் தள்ளி மூடா ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் நாட்டின் நெற்களஞ்சியமான கெடா மாநிலம்.

இப்படி வயல் சூழ்ந்த வட்டாரத்தில் அரிசிக்கு எப்படிப் பஞ்சம் வரும் என்று கேட்கத் தோன்றும். போருக்கு முன்பு மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்துதான் உண்டது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன. 19ஆம் தேதி பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. அதன் பிறகு அரிசிக் கப்பல்களின் வரத்து குறைந்தது. ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் தோட்டங்களில் வேலையும் குறைந்தது. வேலை குறைந்தபோது கூலியும் போனது, தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்த அரிசியும் போனது.

1943 அக்டோபரில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. நேற்று வரை மாநில எல்லையாக இருந்த மூடா ஆறு, சயாமிய ஆட்சிக்கும் ஜப்பானிய ஆட்சிக்கும் நடுவே ஓடும் எல்லையானது. ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டிய உணவைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பதே ஜப்பானிய நிர்வாகத்தின் கொள்கை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நெல் விளைந்தும் அடுப்பங்கரையில் மரவள்ளிக்கிழங்குதான் வெந்தது.

அதே ரயில் பாதையில்தான் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குத் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து அங்கே போனவர்கள் 70,000க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பாதிப் பேர் அளவுக்குத் திரும்பி வரவில்லை. பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்ற பல பிள்ளைகளுக்கு, வீட்டில் சம்பாதிக்கும் கையும் இல்லாமல் போனது.

ஒரு நாள் அரிசியும் ஒரு வார மிட்டாயும்

பங்கீடு என்றால் என்ன அளவு? அண்டையிலிருந்த சிங்கப்பூரின் கணக்கு பதிவாகியிருக்கிறது. 1944இல் மாதத்துக்கு ஆண்களுக்கு 8 கட்டி, பெண்களுக்கு 6 கட்டி, குழந்தைகளுக்கு 4 கட்டி அரிசி. ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம். அப்படியானால் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 80 கிராம் அரிசி. இரண்டு கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதல்.

இதே ஆண்டுகளில் பிரிட்டனிலும் பங்கீடு நடைமுறையில் இருந்தது. 1940 ஜனவரியில் சீனிக்கும், 1942 ஜூலையில் மிட்டாய், சாக்லேட்டுக்கும் கட்டுப்பாடு வந்தது. பெரும்பாலான காலம் ஒருவருக்கு நான்கு வாரங்களுக்கு 12 அவுன்ஸ் மிட்டாய் என்பதே அளவு. வாரத்துக்கு 85 கிராம். அதாவது பிரிட்டிஷ் குழந்தை ஒரு வாரத்தில் சுவைத்த மிட்டாயும், சிங்கப்பூர்க் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் அளக்கப்பட்ட அரிசியும் ஏறக்குறைய ஒரே எடை!

எடையை விடப் பெரிய வேறுபாடு ஒன்றும் இருந்தது. பிரிட்டனில் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எழுதியிருந்த அளவு பெரும்பாலும் கிடைத்தது. இன்று தின்றுவிடலாமா, ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கலாமா என்று பிள்ளையே முடிவு செய்யலாம். இங்கே அட்டை இருக்கும், அரிசி இருக்காது. கிடைத்தாலும் அது பழைய அரிசியாகவோ சுண்ணாம்பு கலந்ததாகவோ இருக்கும். கள்ளச் சந்தையில் வாங்கலாம் என்றால், வாழை மரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. 1945 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷார் பினாங்கில் மீண்டும் இறங்கியபோது, தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த அந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. சிக்கனமாகச் சேர்த்தவனுக்குத்தான் நட்டம் அதிகம். அதைப் பார்த்த பிள்ளை என்ன பாடம் கற்றிருக்கும்? 'கிடைத்ததை இன்றே தின்றுவிடு' என்பதைத்தானே!

இனிப்பு எங்கே இருந்தது?

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. செபராங் பிறைக்குத் தமிழர்கள் பெருமளவில் வந்ததே கரும்பு வெட்டத்தான். 19ஆம் நூற்றாண்டில் பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்கள் கரும்புத் தோட்டங்களாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நிலமெல்லாம் ரப்பராக மாறியது. சீனி வெளியிலிருந்து வரும் சரக்கானது. கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், போர் வந்ததும் சீனியைக் கண்ணால் காண ஏங்கினார்கள்.

இருந்தாலும் குழந்தைப் பருவம் இனிப்பே இல்லாமல் போய்விடவில்லை. சுட்ட மரவள்ளி, அவித்த சீனிக்கிழங்கு, தேங்காய்ச் சில்லு, வாழைப்பழம் ஆகியவைதான் தின்பண்டம். வடக்கு வட்டாரத்தில் 'நீசான்' என்று அழைக்கப்படும் தென்னை வெல்லம் எப்போதாவது ஒரு துண்டு கிடைத்தால், அன்று அந்த வீட்டில் திருநாள். அதைத் தாய் உடைத்து எல்லாருக்கும் பங்கு வைப்பாள். சின்னவன் அழுதாலும் பெரியவன் முறைத்தாலும் பங்கு மாறாது. தன் பங்கைத் தன் பிள்ளைக்கே விட்டுக் கொடுத்த தாய்மார்களும் உண்டு.

ஆனால் அந்தக் கிழங்கைப் பெருமையாகப் பேசும்போது ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. மரவள்ளியில் மாவுச்சத்துதான் மிகுதி. புரதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான். வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. ஆறாத புண், கை கால் வீக்கம், பெரிபெரி ஆகியவை அக்காலத்தில் பரவலாக இருந்ததற்குச் சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். இது வாயைக் கட்டிய கதை அல்ல, வயிற்றைக் கட்டிய கதை.

காத்திருக்கும் பிள்ளை, நம்பும் பிள்ளை

பிள்ளைகளின் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்க உளவியலாளர் வால்டர் மிஷல் நடத்திய மிட்டாய்ச் சோதனையைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஒரு மிட்டாயை முன்னால் வைத்துவிட்டு, "நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிப் போவது அந்தச் சோதனை. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. 2018இல் மேலும் அதிகமான பிள்ளைகளைக் கொண்டு அதைச் சரிபார்த்தபோது, குடும்பச் சூழலையும் வீட்டு வசதியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அதற்கு முன்பே, 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டியது. செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், முதலில் பிள்ளைகளுக்கு நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மற்றொரு பிரிவினரிடம், "மன்னித்துக்கொள், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதன் பிறகு அதே மிட்டாய்ச் சோதனை நடந்தது. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் 3 நிமிடம்தான் காத்திருந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? பொறுமை பிள்ளையின் குணத்தில் மட்டும் இல்லை, பெரியவரின் வாக்கிலும் இருக்கிறது. ஜப்பானியர் காலத்துப் பிள்ளைகளில் வாயைக் கட்டப் பழகியவர்களுக்கு அதைக் கற்றுத் தந்தது பஞ்சம் அல்ல. பஞ்சத்தின் நடுவிலும் பங்கு மாறாமல் வைத்த அந்தத் தாய்தான் கற்றுத் தந்தாள். அட்டை பொய்த்தது, நோட்டு பொய்த்தது, அவள் கை பொய்க்கவில்லை.

உடம்பும் அதையே சொல்கிறது

பசிக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவ ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து கடும் பஞ்சத்தில் சிக்கியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களைப் பின்னாளில் பரிசோதித்தபோது, இரத்தத்தில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது தெரிய வந்தது. அது பட்டினி கொடுத்த விளைவு.

பிரிட்டனிலோ கதை வேறு. அங்கே 1953 செப்டம்பரில் சீனிப் பங்கீடு முடிவுக்கு வந்ததும், மக்கள் உட்கொண்ட சீனி ஏறக்குறைய இரட்டிப்பானது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்கு, பின்னர் பிறந்தவர்களை விட நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், இரத்த அழுத்தம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன என்று 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வயிறு ஓரளவு நிரம்பி, சீனி மட்டும் குறைந்ததால் வந்த நன்மை அது.

இன்றைய அலமாரி

இன்று மலேசியாவில் நிலைமை தலைகீழ். அரசாங்கம் 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித் தொகையை நிறுத்தியது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. அப்படியும் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்திய சமூகத்தில் இந்நோய் மற்ற இனத்தவரை விட அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று.

ஆகவே, "நாங்கள்தான் தின்னவில்லை" என்று சொல்லி மிட்டாயை நீட்டும் கை, அன்பால் நீட்டப்படுகிறது என்றாலும், தான் பட்ட பசிக்குப் பேரப்பிள்ளையின் வாயில் ஈடு தேடுகிறது. அந்தப் பசியைப் பேரப்பிள்ளை அறியாது. அதற்கு வேண்டியது வேறொன்று.

பிள்ளையைப் பட்டினி போட்டுப் பொறுமை கற்பிக்க முடியாது. திட்டியும் கற்பிக்க முடியாது. "உன் வயதில் நாங்கள் கிழங்கு தின்றோம்" என்று தினமும் சொல்லிக் காட்டினாலும் பயனில்லை. வயிற்றுக்குக் குறை வைக்காமல் உணவு கொடுக்க வேண்டும். இனிப்புக்கு நாளும் அளவும் வைக்க வேண்டும். அந்த அளவு அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுத்த பானத்தை அப்பா அதன் எதிரிலேயே திறந்து குடிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் விட முக்கியம், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது.

"இன்று வேண்டாம், வெள்ளிக்கிழமை வாங்கித் தருகிறேன்" என்று தாத்தா சொல்லட்டும். வெள்ளிக்கிழமை மழை பெய்தாலும் குடை பிடித்துப் போய் வாங்கி வரட்டும். அடுத்த முறை அந்தப் பிள்ளை அழாமல் காத்திருக்கும்.