பாத்ரூமில் ஒரு டார்க் ரூம்!

"உள்ளே என்னடா பண்றே, அரை மணி நேரமா?"

கதவுக்கு வெளியே அம்மா. உள்ளே கும்மிருட்டில், முக்காலி மேல் நான். கையில் அப்பா எடுத்த ஃபிலிம் ரோல்.

"கதவைத் திறந்துடாதேம்மா! அப்பா எடுத்ததெல்லாம் போயிடும்!"

அப்பா காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது அந்த ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. ரோலுக்குப் பன்னிரண்டே படம். பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் 9 என்று தெரிந்தது. அதாவது, உள்ளே ஒரு ரோல் பாதியில் நிற்கிறது! கடைசிவரை சுற்றி எடுத்தால், 'இந்து' ஃபிலிம். ஊட்டியில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. கம்பெனியும் மூடியாச்சு, படம் எடுத்தவரும் இல்லை.

தெருமுனை ஸ்டூடியோவில் கேட்டேன். "கறுப்பு வெள்ளையா? பென் டிரைவ்ல கொடுங்க ஸார், கலரை எடுத்துடறேன்" என்றார்.

சரி, நாமே கழுவிவிடுவோம்! நானோ பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே நெகட்டிவ், மாதக் கடைசி பாங்க் பாலன்ஸ்.

முதலில் சினிமாவை மறந்துவிடுங்கள். அதில் சிவப்பு பல்பு எரிய, வில்லன் ஃபிலிம் கழுவுவான். சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான். சிவப்பு பல்பெல்லாம் பிரிண்ட் போடுகிற பேப்பருக்குத்தான். கதவிடுக்கில் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கண் பழகியதும் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். ஃபிலிமை ரீலில் சுற்றி டாங்க்கில் போட்டு மூடும் வரைதான் இருட்டு. அப்புறம் விளக்கைப் போடலாம். கெட்டுப்போன ரோலை வைத்து, கண்ணை மூடி, ஒரு வாரம் பழகினேன்.

டெவலப்பர் டி-76. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, சோடியம் சல்பைட் 100. ரசப்பொடிக் கணக்கு மாதிரிதான். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை இது கறுப்பாக்கும். மிச்ச உப்பை ஹைப்போ கரைக்கும். பாட்டில் மாறி, ஹைப்போவை முதலில் ஊற்றினால் தீர்ந்தது. வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும்! அம்மா டெவலப்பர் பாட்டிலுக்கு ஒரு குங்குமப் பொட்டு, ஹைப்போவுக்கு இரண்டு பொட்டு வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வில்லன் வெயில். மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னைக் குழாயில் வருவது 30! வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரோ 35-க்குக் கீழே இறங்காது. கடையில் வேறு வாங்கி, பாட்டில்களை ஐஸ் வாளியில் உட்கார வைத்தேன்.

எட்டு நிமிஷம் டெவலப்பர். நிமிஷத்துக்கு ஒரு தரம் டாங்க்கைக் கவிழ்த்து நிமிர்த்தி. தண்ணீர். பத்து நிமிஷம் ஹைப்போ. மறுபடி அரை மணி தண்ணீர். துணி காயப்போடும் கிளிப்பில் ஃபிலிமைத் தொங்கவிட்டபோது கை நடுங்கியது.

முக்கால்வாசி ஒரே மூட்டம். பழைய ஃபிலிம், வெளிச்சமே படாமலும் கறுத்துப்போகும். ஒன்றே ஒன்று தேறியது. ட்யூப் லைட்டில் பிடித்து, செல்போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றினேன். மொட்டை மாடி. அம்மா. இடுப்பில் நான். தரையில், எங்கள் காலடி வரை நீண்ட ஒரு நிழல்.

"சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும்" என்பது அப்பாவின் போட்டோ சட்டம். வீட்டு ஆல்பத்தில் அவர் கிடையவே கிடையாது. எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான். இதில் மட்டும் வந்துவிட்டார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"தோள் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு பாரு... அவரேதான்."

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சரி, பாத்ரூமை நல்லா அலம்பி விட்டுட்டு வா. நான் குளிக்கணும்."