பகிர்ந்தால் பெருகும் தலைமைத்துவம்

குழு ஆய்வு என்றாலே ஒருவர் மட்டும் இரவெல்லாம் விழித்து எழுதி முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் உழைப்பாளி, ஆனால், குழுவை வழிநடத்தியவர் ஆகமாட்டார்.

சிங்கப்பூரில் 1965 முதல் 50 ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கியது தமிழ் மின்மரபுடைமைத் திட்டம். திரு அருண் மகிழ்நன் தலைமையிலான குழு, எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்றது; தேசிய நூலக வாரியத்துடன் கைகோத்தது; பிழைதிருத்தத்தைத் தொண்டூழியர்களிடம் நம்பி ஒப்படைத்தது. 2015ல் சுமார் 350 நூல்கள் நாட்டின் பொன்விழாப் பரிசாயின.

அடுத்த குழு ஆய்வைத் தொடங்குமுன், எந்தப் பணி, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். பேசத் தயங்கும் உறுப்பினரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். நம்பி ஒப்படைக்கத் தெரிந்தவரே தலைவர்.