வளரும் அடைப்பும் ஒட்டுப்போட்ட அம்பும்

அடைப்புக்குறிக்குள் பின்னம் வந்தால் அடைப்பும் அந்த உயரத்துக்கு நீள வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் இதைக் கையால் பார்த்துப் பார்த்துக் கோத்தார்கள். ஸ்டான்போர்டு பேராசிரியர் டொனால்டு குனுத், தம் நூலின் இரண்டாம் பாகத்துக்கு வந்த அச்சுப்படி பிடிக்காமல், 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அடைப்பை நீட்டும் வேலை கணினியிடம் போனது.

லெஃப்ட், ரைட் என்ற இரு கட்டளைகளுக்கு நடுவே கோவையை எழுதினால் போதும். எழுத்துருவில் உள்ள அடைப்புகளைச் சிறியதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, போதுமானதை டெக் எடுத்துக்கொள்ளும். எதுவும் எட்டாவிட்டால் உறைக்கிணறு கதைதான்: மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, நடுவில் தேவையான அளவுக்கு நேர்த்துண்டுகள். { குறிக்கு நடுவில் மூக்குத் துண்டு ஒன்றும் உண்டு. கோவை முழுவதையும் மூட வேண்டியதில்லை, 90.1 சதவீதமாவது மூட வேண்டும், விடுபடுவது 5 பாயிண்டைத் தாண்டக்கூடாது.

சிக்கல் அளக்கும் விதத்தில் இருக்கிறது. கழித்தல் குறி நிற்கும் மட்டத்திலிருந்து கோவை மேலே அதிகம் போகிறதா, கீழே அதிகம் போகிறதா என்று பார்த்து, பெரியதை டெக் இரட்டிப்பாக்குகிறது. ∑ குறியின் அடியில் மட்டும் i=1 என்று எழுதிப் பாருங்கள்; அடைப்பு மேலேயும் வீணாக வளர்ந்து நிற்கும். கணக்குப்படி சரி, கண்ணுக்கு அசிங்கம். அப்போது பிக் எனத் தொடங்கும் கட்டளைகள் தரும் நான்கு நிலையான அளவுகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. என்னைக் கேட்டால், நீளமான சமன்பாடுகளில் லெஃப்ட், ரைட்டை நம்பவே கூடாது.

பிரெஞ்சுக்காரர்கள் திறந்த இடைவெளியை ]−1, 1[ என்று எழுதுவார்கள். டெக்குக்கு ] என்றால் மூடும் குறி, அதனால் அடுத்து வரும் கழித்தல் குறியை ஏதோ ஒன்றிலிருந்து கழிப்பதாக நினைத்து, இருபுறமும் இடம் விட்டுவிடும். இந்த ] திறக்கும் குறி என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

அம்புகள் இன்னும் வேடிக்கை. குனுத்தின் எழுத்துருவில் நீண்ட அம்புக்குத் தனி எழுத்து கிடையாது. கழித்தல் குறியையும் குட்டை அம்பையும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியதுதான் அது. நீண்ட ⇒ வேண்டுமானால் சமக்குறியும் குட்டை ⇒ குறியும். ↦ வேண்டுமானால் சிறு செங்குத்துக் கோடும் அம்பும். தலைக்கு மேல் எழுதும் சொல்லின் நீளத்துக்கேற்ப நீளும் அம்பும் இதே கழித்தல் குறிகளைத் தொடுத்தே வளர்கிறது. 1992இல் அம்பு முனைகளைக் குனுத் பெரிதாக்கி, அடர்த்தியும் கூட்டினார்.

ஆகவே அம்பு பிடிக்கவில்லை என்று வேறொரு எழுத்துருவிலிருந்து அதை மட்டும் கொண்டுவருபவர்கள் கழித்தல் குறியின் தடிமனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நீண்ட அம்பின் நடுவே ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கும்.