கொட்டினால் மட்டும் கோபம் ஆறாது

பாதி உண்மை

மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. அதற்காக அடக்கி வைப்பதும் வழியல்ல. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை, மனதை வதைத்த நிகழ்வு பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதன் வலியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் சிகிச்சைக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. உணர்ச்சியை வெளியே விட்டால் போதாது, அதற்கு ஓர் ஒழுங்கு கிடைக்க வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் ஒப்பாரியிலும் அந்த ஒழுங்கு உண்டு. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர, போனவரின் குணமும் இருப்பவரின் தவிப்பும் ராகத்தோடு வரிசையாக வரும்.

கைவேலையின் பலன்

கைவேலையிலும் அப்படியோர் ஒழுங்கு உண்டு. சென்னை வடபழனி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் பூ தொடுக்கும் கைகளைக் கவனியுங்கள். காம்புகளை எதிரெதிரே வைத்து, நாரைச் சுற்றி, சுருக்கிட்டு இழுக்க வேண்டும். தளர்ந்தால் பூ உதிரும், இறுக்கினால் காம்பு அறும். அது அவர்களுக்குப் பிழைப்பு. அதே வேலையை வீட்டில் அரைமணி நேரம் செய்பவருக்கு, காலையில் கேட்ட சுடுசொல்லை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க அவ்வளவாக இடமிருக்காது. சிக்குக் கோலமும் அப்படித்தான்: ஒரு வளைவு தப்பினால் கோடு தொடங்கிய புள்ளிக்கு வந்து சேராது.

“எனக்கு வராதே”

திறமை இல்லாதவர் என்ன செய்வது? கிரிஜா கைமலும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் படம் வரைந்தும் களிமண்ணில் உருவம் செய்தும் பார்த்தார்கள். சுமார் 75 சதவீதத்தினருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்பழக்கத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மனதில் உள்ளதை எழுதுவது குறித்த 146 ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் சிறியதாகவே தெரிந்தது. பிறகு எதற்கு என்று கேட்கலாம். ஒரு நோட்டும் பேனாவும், கொஞ்சம் உதிரிப்பூவும் அதிகம் செலவு வைப்பதில்லை. சிறிய பலனும் அந்தச் செலவுக்கு லாபமே. அடுக்குமாடியில் கோலம் போட வாசல் இல்லையென்றால் நோட்டில் புள்ளி வைக்கலாம். இப்படிக் கைவேலையில் மூழ்குவது பிரச்சினையிலிருந்து தப்பி ஓடுவதாகாதா என்பது நியாயமான கேள்வி. கடனும் குடும்பச் சண்டையும் கோலத்தால் தீராது. ஆனால் கொதிப்பு அடங்கிய பிறகு பேசும் பேச்சு வேறாக இருக்கும்.

இது போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். எழுத எழுத வேதனை கூடிக்கொண்டே போனால் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்: அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம். சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட ஸ்நேகா அமைப்பும் இத்தகைய அழைப்புகளுக்குக் காதுகொடுக்கிறது.